நெடுந்தொடரும் வாசகர் பொறுமையும்

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது தமிழர் வழக்கு. வீட்டிற்கு வந்த விருந்தினருக்கு வகுத்த இவ்வெல்லை, பாகம் பாகமாக வளர்ந்து செல்லும் நெடுங்கதைகளுக்கும் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. தொடக்கத்தில் வாசகரைப் பிணித்த கதை, நான்காம் பாகத்திலோ பத்தாம் பாகத்திலோ அவரைச் சலிப்புறச் செய்கின்றது என்னும் முறைப்பாடு இன்று பல மொழிகளிலும் எழுகின்றது. அம்முறைப்பாடு நீளத்தின் மேலதா, வேறொன்றன் மேலதா என்று பிரித்தறிதல் வேண்டும்.

ஆங்கில இலக்கியத்தில் இக்குறை பெரிதும் பேசப்படுகின்றது. டோல்கீனின் மோதிரக் கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக வெளிவந்து நிறைவுற்றது. அவர் வழிவந்த றொபேட் ஜோர்டன் 1990இல் தொடங்கிய ‘காலச் சக்கரம்’ என்னும் தொடரோ பதினான்கு நூல்களாக விரிந்தது. ஆசிரியர் 2007இல் மறைந்தபின், பிரண்டன் சாண்டர்சன் என்னும் பிறிதோர் எழுத்தாளர் 2013இல் அதனை முடித்து வைத்தார். 2003இல் வெளிவந்த அதன் பத்தாம் நூலில் கதை நின்ற இடத்திலேயே நிற்கின்றது எனப் பற்றுமிக்க வாசகரே குறைகூறினர். பதினான்கு நூல்களையும் பொறுத்த வாசகர், அவற்றுள் ஒன்றைப் பொறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. நீளம் ஒன்றே குற்றமாயின் அவர்கள் அத்துணைத் தூரம் வந்திருக்கமாட்டார்கள்.

ஈழத்துச் சைவ மக்கள் நீளத்துக்கு அஞ்சியவரல்லர். கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆயது. அதனை ஆலயங்களில் நாள்தோறும் ஒருவர் படிக்க, மற்றொருவர் பயன்சொல்ல, ஊரவர் இருந்து கேட்டு வந்தனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இவ்வாழ்வைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்றே குறித்தார். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடப்பெற்றது. கோவலன் கதையும் அவ்வாறே. கதையின் முடிவைச் சபையோர் அனைவரும் முன்னரே அறிவர். ஆயினும் எழுந்து போவாரிலர். படிப்பவரும் பயன்சொல்பவரும் ஒவ்வொரு நாட் பகுதியையும் அந்த நாளுக்கு நிறைவுடையதாக்கினர். சூரபன்மன் வதை வரும்வரை மற்றைப் பாடல்கள் யாவும் காத்திருப்பாக அமையவில்லை. அன்று கேட்ட பத்துப் பாடல்கள் அன்றைக்கே பயன் தந்தன.

அச்சு நூலில் இத்துணைகள் இல்லை. வாசகர் தனித்திருந்து படிக்கின்றார், சலிப்பாயின் மூடிவிடுகின்றார். அவரைத் தொடர்ந்து வரச்செய்யும் பொறுப்பு முழுவதும் ஆசிரியரைச் சார்ந்தது. வாரப்பத்திரிகைகளே இப்பொறுப்பைத் தமிழ் எழுத்தாளருக்கு முதலிற் பயிற்றின. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 1950 ஒக்டோபரில் தம் பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கி, 1954 மே மாதத்தில் நிறைவு செய்தார். ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்ட அக்கதையை வாரந்தோறும் கிழித்தெடுத்து, நூலாற் கோத்துக் கட்டி வைத்த குடும்பங்கள் பல. அவ்வாறு கட்டிய தொகுதிகளில் இடையிடையே ஓர் இதழ் தவறியிருப்பதும் உண்டு.

அத்தவறிய இதழிலேயே நெடுங்கதையை அளக்கும் நல்ல அளவுகோல் அகப்படுகின்றது. ஓர் அத்தியாயம் விடுபட்டவிடத்து வாசகர் எதனை இழக்கின்றார்? நிகழ்ச்சி ஒன்றை இழக்கலாம். அன்றி மாந்தர் ஒருவரின் உள்ளத்தை அறியும் வாயிலை இழக்கலாம். இவ்விரண்டில் ஒன்றேனும் இழக்கப்பட்டால் அவ்வத்தியாயம் கதைக்கு உறுப்பு. இரண்டும் இழக்கப்படாவிடின் அது வேண்டாத விருந்தினன்.

‘பொன்னியின் செல்வ’னில் இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்போர்க்கு இருவகை விடையும் கிடைக்கும். இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்று’, கோடிக்கரையிலிருந்து மாதோட்டத்துக்கும் அநுராதபுரத்துக்கும் செல்கின்றது. பூங்குழலி படகு செலுத்திப் பாடும் இடங்களில் கதை பெரிதும் நகர்வதில்லை. எனினும் அவ்விடங்களை நீக்கினால் பூங்குழலி வெறும் படகோட்டியாகிவிடுவாள். ஊமை ராணி தோன்றும் பகுதிகளோ நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் ஒருங்கே இன்றியமையாதன. இதற்கு மாறாக, கடம்பூர் மாளிகையைச் சுற்றி நிகழும் உரையாடல்களிற் சில, வாசகர் முன்னமே அறிந்த சூழ்ச்சிகளை மீண்டும் கூறுகின்றன. ஏழு நாட்களுக்கு ஒருமுறை படித்தவருக்கு அது நினைவூட்டல். ஒரே மூச்சில் நூலாகப் படிப்பவருக்கு அது தடை. ஆகவே ஒரே பக்கம் ஒரு காலத்தில் வேண்டப்படுவதாயும், பிறிதொரு காலத்தில் மிகையாயும் அமைதல் கூடும்.

இங்கு வியப்புக்குரியது யாதெனில், இத்துணை நீண்ட கதையைப் பற்றி அக்கால வாசகர் கூறிய பெருங்குறை அது விரைந்து முடிந்துவிட்டது என்பதே. கல்கி அதற்கு விடையாக முடிவுரை எழுதி, மாந்தர் பலரின் பிற்கால வாழ்வைச் சுருக்கிச் சொல்ல நேர்ந்தது. அவர் 1954 டிசம்பரில் மறைந்தார். பின்னர் விக்கிரமன், வாசகரின் அவ்வேட்கையைத் தொடர்ந்து ‘நந்திபுரத்து நாயகி’யைப் படைத்தார். மூன்றரை ஆண்டு விருந்திருந்தவரை ‘இன்னும் இருந்து போங்கள்’ என்று வேண்டியமைக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

எல்லா ஆசிரியருக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. சாண்டில்யனின் ‘கடல் புறா’ மூன்று பாகங்களாக வளர்ந்தது. அதன் கடற்போர்கள் விறுவிறுப்புடையன. ஆயின் பெண்ணின் எழிலைக் கூறும் பகுதிகள் ஒரே வார்ப்பில் மீள மீள வருகின்றன. அவற்றுள் ஒன்று விடுபட்டால் இழப்பு யாதும் இல்லை.

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இவ்வாராய்ச்சிக்கு மிகக் கடினமான சோதனை. 2014 ஜனவரி முதலாந் திகதி தொடங்கி 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் வெளிவந்து, ‘முதற்கனல்’ முதல் ‘முதலாவிண்’ ஈறாக 26 நாவல்களாக நிறைந்தது. மகாபாரதத்தின் முடிவு எல்லோரும் அறிந்ததாதலின் அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலை அது நம்பி நிற்க இயலாது. புராணபடனம் போலவே ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் நிறைய வேண்டியதாயிற்று. கிருஷ்ணன்பால் ராதை கொண்ட பித்தைப் பாடும் ‘நீலம்’ அவ்வாறு நிறைந்து நிற்கின்றது, தனித்தும் படிக்கத்தக்கது. தருமன் பல கல்விநிலைகளினூடு செல்லும் ‘சொல்வளர்காடு’ போன்றவற்றில் தத்துவ உரையாடல் கதையை நெடுந்தூரம் பின்தள்ளிவிடுகின்றது. தத்துவ நாட்டமுள்ளவருக்கு அதுவே நூலின் உயிர். கதை நாட்டமுள்ளவர் அங்கே புத்தகத்தை மூடிவிடலாம். நூலின் மொத்த அளவைக் கொண்டு அதனைத் தள்ளுவோரும், அதே அளவைக் கொண்டு அதனைப் போற்றுவோரும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

இவ்வினா ஆனையிறவுப் பக்கத்தில் வெறும் இலக்கிய விவாதம் அன்று. குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் இவ்வொடுங்கிய நிலம் 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் கடும் போரைக் கண்டது. இடப்பெயர்வுகளின்போது மக்கள் அரிசிப் பையையும் பத்திரங்களையும் தூக்கிச் சென்றனர். கட்டிவைத்த கதைத் தொகுதிகள் வீட்டோடு போயின. மூன்றாம் பாகத்தில் நின்றுபோன வாசிப்புகள் பல, சலிப்பினால் நின்றவையல்ல. மீண்டு வந்து பாடசாலை நூலகங்களை வெறும் தட்டுகளிலிருந்து நிறைக்கும்போது, உள்ள சிறுதொகைக்கு ஒரு கதையின் ஐந்து பாகங்களை வாங்குவதா, ஐந்து தனி நூல்களை வாங்குவதா என்னும் கேள்வி ஆசிரியர் முன் நிற்கின்றது.

தனி நூல்களுக்கும் வலுவான வழக்கு உண்டு. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த சிறு நாவல். தண்ணிமுறிப்பின் காடும் குளமும் வேட்டையும் எளிய மாந்தரின் பாசமும் அதனுள் அடங்கிவிட்டன. வன்னி வாழ்வைக் காட்ட ஐந்து பாகங்கள் வேண்டியிருக்கவில்லை. நிஹால் டி சில்வா 2003இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆனையிறவிலிருந்து வரும் பாதை’ என்னும் நாவல், பகைப்பட்ட இருவரின் பயணத்தை ஒரே நூலிற் சொல்லி முடிக்கின்றது. கூறப்படும் பொருளின் பெருமைக்கும் பக்க எண்ணிக்கைக்கும் கட்டாயத் தொடர்பில்லை என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

எனினும் நெடுங்கதைகளை மாணவருக்கு மறுத்தல் தகாது. கைபேசியின் சிறு துணுக்குகளிற் கண்ணோட்டிப் பழகிய இளைஞருக்கு, ஒரு மாந்தரோடு பல மாதங்கள் உடன் வாழும் பயிற்சி வேறெங்கும் கிடைப்பதரிது. தாம் முதல் அத்தியாயத்திற் கண்ட வந்தியத்தேவன் இறுதி அத்தியாயத்தில் எவ்வாறு மாறியிருக்கின்றான் என்பதைத் தாமே உணரும் மாணவர், மனித வளர்ச்சியைப் பற்றி ஒரு பாடம் பெறுகின்றார். சிறுகதையால் அப்பாடத்தைப் புகட்ட இயலாது. ஆதலின் நூலகத்திற்கு முதலில் தனி நூல்களையும், அவற்றோடு முற்றாக முடிந்த நெடுங்கதை ஒன்றையும் வாங்குதல் அறிவுடைமை. பாகம் குறைந்த தொடர், மாணவர் பொறுமையை வீணே சோதிக்கும்.

முடிவாக, நெடுங்கதை வாசகர் வீட்டில் எத்துணை நாள் தங்கியது என்பது கேள்வியன்று. தங்கிய ஒவ்வொரு நாளும் அது வீட்டாருக்கு ஏதேனும் கொடுத்ததா என்பதே கேள்வி. கொடுத்த விருந்தினரை மக்கள் நாட்கணக்குப் பார்த்து அனுப்புவதில்லை. கொடாதவருக்கு மூன்று நாளும் மிகுதியே.