கடற்பூதமும் கண்கண்ட சாட்சியும்

"அரண்மனைப் புலவன் மன்னனைப் புகழ்வான், அயல்நாட்டு வழிப்போக்கனோ கண்டதைக் கண்டவாறே சொல்வான்!" வரலாறு எழுதுவோர் பலரிடம் வேரூன்றிவிட்ட நம்பிக்கை இது. வகுப்பறையில் நானும் சில காலம் இதனை ஒப்பித்தவன்தான். மாலத்தீவைப் பற்றி இபுன் பதூதா விட்டுச்சென்ற ஏட்டைப் படித்த பிறகே அப்பழக்கம் என்னை விட்டகன்றது.

மொராக்கோ நாட்டவரான அவர், 1343-இல் அத்தீவுகளில் இறங்கினார். வேடிக்கை பார்த்துவிட்டுப் போனாரா? இல்லை. நீதி வழங்கும் காஜியானார். அரச குடும்பத்தில் பெண்ணெடுத்தார். அமைச்சரோடு பகைத்து 1344-இல் வெளியேறினார். மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலர். அவரிடம் சென்று, தீவுகளின்மீது படை செலுத்தத் திட்டமும் தீட்டினார்! இவரா விருப்பு வெறுப்பற்ற சாட்சி? அவர் சொல்லச் சொல்ல இபுன் ஜுசாய் எழுதி, ஏடு முடிந்ததோ 1355-இல்.

அதற்காக ஏட்டை எறிந்துவிடல் அறியாமை. சோழியைப் பற்றி அவர் சொல்வதைப் பாருங்கள். தீவில் ஒரு பொற்காசுக்கு 4 இலட்சம் சோழி. மலிந்த காலத்தில் 12 இலட்சம். வங்காளத்தார் அரிசி தந்து அதனை வாங்கிச் சென்றனர். அதே சோழி ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பொற்காசுக்கு 1,150 தான்! இரு சந்தைகளிலும் நின்று பார்த்தவர் தரும் கணக்கு இது. பொய் சொல்ல அவருக்கு இங்கே தேவையே இல்லை.

கணக்கு முடிந்ததும் கதை தொடங்குகிறது. திங்கள்தோறும் கடலிலிருந்து ஒரு பூதம் வருமாம். கன்னி ஒருத்தியைக் கரையோரக் கோயிலில் விட்டு வருவராம். காலையில் பிணமாகக் கிடப்பாளாம். மக்ரிப் நாட்டு அபுல் பரக்காத் என்பார் ஒரு பெண்ணுக்கு மாற்றாகச் சென்று, இரவெல்லாம் குர்ஆன் ஓதப் பூதம் ஓடிற்றாம். மன்னன் இசுலாம் தழுவினானாம். "நானே கண்டேன்" என்கிறார் இபுன் பதூதா. எதைக் கண்டார்? கடலில், விளக்குகள் நிறைந்த கப்பல் போன்றதோர் ஒளியை! அது பூதம் என்பது பக்கத்திலிருந்தோர் சொன்னது. கண் கண்டதும் காது கேட்டதும் ஒரே வரியில் கலந்துவிட்டன.

12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மாலத்தீவுச் செப்பேடுகளோ வேறு செய்தி சொல்கின்றன. அரசாணையால் பௌத்த விகாரங்கள் அழிந்தன, துறவிகள் கொல்லப்பட்டனர். ஒரே இரவில் ஓடிய பூதத்தை அங்கே காணோம். பூதத்தை ஓட்டியவர் தப்ரீசு நகரத்தார் என்கிறது தீவின் பிற்கால வரலாற்று நூல். புள்ளியிடாத அரபு எழுத்தில் பர்பரி, தப்ரீசி இரண்டும் ஒத்திருக்குமாம். மக்ரிபிலிருந்து வந்தவர் பள்ளிவாசல் மரப்பலகையில் மக்ரிப்காரரைப் படித்ததில் வியப்பென்ன?

எனக்கு அவ்வேட்டில் மிகவும் பிடித்த இடம், அவர் தோற்ற இடம். தீவுப் பெண்கள் இடுப்பாடை மட்டுமே அணிந்தனர். மேலுடை அணியுமாறு காஜி ஆணையிட்டார், எவரும் கேட்கவில்லை. தம் அவைக்கு வழக்குக் கொண்டுவரும் பெண்களை மட்டுமே அவரால் கட்டுப்படுத்த முடிந்தது. மற்றொரு நாள், திருடன் ஒருவன் கையை வெட்டுமாறு தீர்ப்பளித்தார். அவையிலிருந்த தீவினர் பலர் மயங்கி வீழ்ந்தனர்.