பொன்னூசித் தையற்பள்ளி: இல்லக் கல்வியின் ஆற்றலும் எல்லையும்

பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட பெண்ணொருத்தி இல்லத்திலிருந்தே கற்றுத் தேறினாள் என்ற செய்தியைக் கேட்குந்தோறும் உலகம் வியந்து பாராட்டுகின்றது. அப்பாராட்டுத் தகுதியுடையதே. ஆயின், ஆராய்ச்சி இருக்கவேண்டிய இடத்தை வியப்புப் பற்றிக்கொள்ளுமிடத்து இரண்டு வினாக்கள் மறைந்துவிடுகின்றன. இல்லக் கல்வி எதனை அளித்தது? எதனை அளிக்க இயலாது போயிற்று? இவ்விரண்டிற்கும் விடை காண்பதற்கு ஆப்கானிஸ்தானத்துக் கவிஞர் நாடியா அஞ்சுமனின் வாழ்வும் ஆக்கமும் தக்க உரைகல்லாகும்.

மேற்கு ஆப்கானிஸ்தானத்து ஹெராத் நகரம் இலக்கியப் பழமை வாய்ந்தது. 15 ஆம் நூற்றாண்டிலே பாரசீகப் பெருங்கவிஞர் ஜாமி வாழ்ந்த நகர் அது. 1995 இல் தலிபான் இயக்கத்தினர் அந்நகரைக் கைப்பற்றிய பின்னர்ப் பெண்களின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 1980 இல் பிறந்த நாடியா அப்போது பள்ளிப் பருவத்தினர். கல்வி தடைப்பட்டதாயினும் தையல் தடைப்படவில்லை. அவ்விடைவெளியிலே தோன்றியதே பொன்னூசித் தையற்பள்ளி. வாரத்தில் மூன்று நாட்கள் பெண்கள் பையுடன் அங்குச் சென்றனர். பையினுள்ளே துணியின் கீழ்க் குறிப்பேடும் எழுதுகோலும் இருந்தன. ஹெராத் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகம்மது அலி ரஹ்யாப் அவர்களுக்கு இலக்கியம் கற்பித்தார். வெளியே சிறுவர் விளையாடுவார் போன்று காவல் புரிந்தனர். ஆட்சியாளரின் ஆட்கள் வருகின்றனர் என்ற குறிப்புக் கிடைத்ததும் ஏடுகள் மறையும், ஊசிகள் வெளிப்படும்.

2002 இல் வெளிவந்த கிறிஸ்டினா லாமின் ஆங்கில நூல் இச்செய்தியைப் பலரும் அறியச் செய்தது. அதனை எடுத்துரைப்போர் பெரும்பாலும் மறைத்துவைத்த ஏட்டையும் அங்குப் பயிலப்பட்ட மேனாட்டு இலக்கியங்களையும் பற்றியே பேசுவர். அவ்வளவில் அமைதல் போதாது. ஏடு மட்டுமே வேண்டியிருப்பின் அதனைத் தத்தம் வீட்டு மூலையிலிருந்தே அப்பெண்கள் படித்திருக்கலாம். பெருந்தண்டனைக்கு அஞ்சாது தெருவைக் கடந்து சென்றது எதன்பொருட்டு? ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் அவையின்பொருட்டு என்பதே பொருத்தமான விடையாகும்.

தமிழ் மரபிலே நூலொன்று அரங்கேறிய பின்னரே புலவருலகில் இடம்பெற்றது. பாரசீக மரபும் அவையை வேண்டி நிற்பதே. கஸல் என்னும் பாவகை ஈரடிகளாலானது. ஒவ்வோர் ஈரடியும் தனித்து நின்று பொருள் பயத்தல் வேண்டும்; எனினும், ஈரடிதோறும் ஒரே இயைபு திரும்பி வந்து பாட்டை ஒன்றாகக் கட்டுதல் வேண்டும். அவ்வியைபு வருமிடத்தைக் கேட்போர் செவி எதிர்நோக்கியிருக்கும். பிழைப்பின் உடனே உணரும். இத்தகைய பாவைத் தனிமையிலே கற்றுக் கைவரப்பெறுதல் அரிது.

நாடியாவின் முதற்றொகுதி 2005 இல் வெளிவந்தது. ‘குலே தூதி’ என்னும் அதன் பெயர் புகைநிற மலர் எனப் பொருள்படும். மௌனமும் அடைபட்ட வாழ்வும் அவர் பாடல்களிற் பயின்றுவரும் பொருள்கள். வாய்திறக்க வழியற்ற நிலையைப் பாடுமிடத்தும் அவருடைய கஸல்கள் தளர்ந்த புலம்பலாய் முடியாது யாப்பமைதியுடன் நிற்றல் கருதத்தக்கது. துயரம் அவருக்குப் பாடுபொருளைத் தந்தது. அதற்கு வடிவு தருந் திறனை வளர்த்ததில் தையற்பள்ளிக்குப் பெரும்பங்குண்டு. அஞ்சுமன் என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கூட்டம், அவை என்பனவே பொருள் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, எல்லையை நோக்குதல் வேண்டும். 2001 இன் இறுதியில் அவ்வாட்சி வீழ்ந்தது. நாடியா ஹெராத் பல்கலைக்கழகத்திற் புகுந்தார். தையற்பள்ளியிற் பெற்ற கல்வி வெளியுலகிற் பயன்பட்டமைக்கு, அதன் முடிவிலே ஒரு வாயில் திறந்திருந்தமை காரணமாகும். ஆனால், 2005 நவம்பரில், தம் 25 ஆம் வயதை நிறைவுசெய்யுமுன், கணவனால் தாக்கப்பட்டதையடுத்து அவர் உயிரிழந்தார். அக்கணவரும் இலக்கியம் கற்றவரே. இல்லமே கல்விக்குப் புகலிடமாயிற்று. இல்லமே உயிருக்கும் ஊறாயிற்று. வீட்டினுள்ளே அளிக்கப்படுங் கல்வி வீட்டாரின் இசைவு உள்ளவரையிலேயே நிலைக்கும். பள்ளிக்கூடமோ பெண்ணுக்கு வீட்டின் வெளியே ஓர் இடத்தையும், அவள் வாராதவிடத்து ஏன் வரவில்லை என்று வினவும் ஆசிரியரையும் அளிக்கின்றது.

2021 இல் தலிபான் ஆட்சி மீண்டபோது ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண் கல்வி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சு 23 ஆந் திகதி திறக்கப்பட்ட பெண்கள் பள்ளிகள் அன்றே மூடப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பரிற் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு அடைக்கப்பட்டன. ஏறத்தாழ 22 இலட்சம் சிறுமியர் இத்தடைக்குட்பட்டுள்ளனர் என 2025 இல் யுனெஸ்கோ கணக்கிட்டது. ஊசி மறைத்த ஏட்டைப் பின்னர்த் திரை தாங்கலாயிற்று. இணையவழி வகுப்புகள் பல தோன்றின. 2024 இல் பாரிசிலிருந்து தொடங்கப்பட்ட பேகம் தொலைக்காட்சி செய்கோள்வழிப் பாடங்களை ஒளிபரப்பியது. தையற்பள்ளி ஒரு நகரத்துச் சிலரையே அடைந்தது. திரையோ தொலைவிலுள்ள சிற்றூரையும் எட்டவல்லது. இது பெரும்பேறே.

எனினும், தொலைக்காட்சியிலே கற்பிப்பவர் மாணவியின் முகத்தைக் காணார். இணையத்திற்கு மின்சாரமும் கருவியும் பணமும் வேண்டும். வேதியியற் பாடத்தைத் திரையிற் காணலாம். ஆய்வுகூடத்திற் கைப்பழக்கம் பெறுதல் இயலாது. அன்றியும், 2025 செப்ரெம்பர் 29 ஆந் திகதி அந்நாட்டின் இணையத் தொடர்பு முழுவதுந் துண்டிக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு நாட்கள் தடைப்பட்டபோது, அவ்வழியை நம்பியிருந்த வகுப்புகள் யாவும் ஒருங்கே அடைபட்டன. வாயிலை மூடியவரிடமே சாளரத்தின் திறவுகோலும் இருந்தமை அன்று வெளிப்பட்டது.

ஆகவே, இல்லக் கல்வியையும் இணையக் கல்வியையும் இகழ்தல் பேதைமை; அவற்றைப் பள்ளிக்கு மாற்றெனப் புகழ்தல் அதனினும் பெருந்தீங்கு. முன்னையது முயல்வாரின் ஊக்கத்தைக் கெடுக்கும். பின்னையது தடுப்பாரின் குற்றத்தை மறைக்கும். இணையவகுப்பு நடத்துவோர் பாடத்தை அனுப்புவதோடமையாது, மாணவியர் ஒருவர் எழுதியதை ஒருவர் கேட்டுத் திருத்துஞ் சிறு அவைகளையும் இயன்றவிடத்து அமைத்தல் வேண்டும். பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அக்கல்வியை மதித்து வாயில் திறத்தல் வேண்டும். பொன்னூசித் தையற்பள்ளியின் பெருமை அது மறைவாக நடந்தமையில் இல்லை. மறைவிலும் ஓர் அவையைக் காத்துக்கொண்டமையிலேயே உள்ளது. அவ்வவை ஒளிந்து கூடவேண்டியிருந்தமை அப்பெண்களின் புகழுக்குரியதன்று. அவர்களை ஒளியச் செய்தோரின் பழிக்கே உரியது.