நான்கு மில்லிஆம்பியரின் சுருதி

சர்க்கரை ஆலையை அரவை தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது பார்க்க வேண்டும். கரும்பு வண்டிகள் இன்னும் வந்திருக்காது. கொதிகலன் குளிர்ந்து கிடக்கும். அந்த அமைதியில், திறந்த பேனல் முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஆலையில் அவரை இன்ஸ்ட்ருமென்ட்காரர் என்பார்கள். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் எல்லாவற்றையும் அளக்கும் கருவிகளும், அந்த அளவைக் கேட்டு வால்வுகளை அசைக்கும் கட்டுப்பாட்டு அமைப்பும் அவர் பொறுப்பு. அவர் தோளருகே சற்று நின்று பார்க்கலாம், வாருங்கள்.

முதலில் அந்தப் பேனலின் உள்ளழகு. நூற்றுக்கணக்கான ஒயர்கள், ஒன்றுகூட இன்னொன்றின் மேல் ஏறிக் கிடக்கவில்லை. தேர்ந்த கை தொடுத்த கதம்பம்போல் ஒரே சீராக இறங்கி, ஒரே வளைவில் திரும்பி, தத்தம் டெர்மினலில் அமர்கின்றன. ஒவ்வொரு முனையிலும் எண் பொறித்த சின்னஞ்சிறு மஞ்சள் ஃபெரூல். அத்தனை எண்களும் ஒரே திசை பார்த்து நிற்பதால் தலையைச் சாய்க்காமலே படித்துக்கொண்டு போகலாம். இன்னும் கிட்டே போனால், ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சாண் நீளம் கூடுதலாக விட்டு மடித்து வைத்திருப்பது தெரியும்.

“இதை எதுக்குண்ணே இவ்வளவு விட்டு வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“எனக்குப் பின்னாடி வர்றவன் முனையில இருக்கிற லக்கை வெட்டிட்டுப் புதுசு போடணும்னா ஒயர் வேணும்ல தம்பி” என்றார், கையிலிருந்த கிரிம்பிங் கருவியை விடாமலே.

முகம் தெரியாத ஒருவனுக்காக மடித்து வைத்த அந்த ஒரு சாண் செம்பைத்தான் அன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒயருக்குள் ஓடும் மின்னோட்டத்தின் நயம் இன்னும் நுட்பமானது. கருவி தன் அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாகச் சொல்கிறது. தொட்டி நிறைந்திருந்தால் 20, பாதி இருந்தால் 12. காலியாக இருந்தாலோ 0 இல்லை, 4! காற்றழுத்தத்தால் செய்தி அனுப்பிய பழைய கருவிகளும் இப்படித்தான், 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை பேசின. இரண்டிலும் அதே ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதம். பாடகர் வாய் திறக்காத நேரத்திலும் தம்பூரா ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறதல்லவா, அதுபோல, சொல்ல ஒன்றுமில்லாதபோதும் அந்த 4 மில்லிஆம்பியர் ஒலித்துக்கொண்டே இருக்கும். மீட்டரில் 4 என்று நின்றால் தொட்டி காலி. 0 என்று விழுந்தால் ஒயர் அறுந்தது. வெறுமைக்கும் மௌனத்துக்கும் இடையே இவ்வளவு அழகாகக் கோடு கிழித்தவர்களை எண்ணினால் கை கூப்பத் தோன்றுகிறது.

இனி அவர் கை. அளவை மின்னோட்டமாக மாற்றும் டிரான்ஸ்மிட்டரை மேசையில் வைத்து, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார். கால், அரை, முக்கால், முழுசு. 8, 12, 16, 20 என்று மீட்டர் ஏற வேண்டும். பிறகு அதே படிகளில் இறங்க வேண்டும். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் காட்டுகிறதா என்பதுதான் பரீட்சை. கடைசி நூலிழை அழுத்தத்தைச் சிறு குமிழை இரண்டு விரலால் வருடிக் கூட்டுகிறார். ஒருமுறை அழுத்தம் குறியை மயிரிழை தாண்டிவிட்டது. எட்டிப் பிடித்து இழுக்கவில்லை. நன்றாகக் கீழே இறங்கி, மூச்சு விட்டு, மறுபடி அடியிலிருந்து ஏறி வந்தார். ஏறும் கணக்கில் இறக்கம் கலந்தால் சோதனையே பொய் என்பது அந்த விரல்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது கொதிகலன் டிரம்மின் நீர்மட்டம். பால் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பொங்கும்போது பால் கூடுவதில்லை, குமிழிதான் கூடுகிறது. ஆலை திடீரென்று அதிக நீராவியை இழுக்கும்போது டிரம்மின் அழுத்தம் தாழ்கிறது, நீருக்குள் குமிழிகள் விரிகின்றன, மட்டம் உயர்ந்ததுபோல் காட்டுகிறது. உண்மையில் நீர் குறைந்துகொண்டிருக்கிறது! மட்டத்தை மட்டும் நம்பினால், தண்ணீர் வேண்டிய அந்தக் கணத்திலேயே தண்ணீரை அடைத்துவிடுவோம். அதனால் வெளியேறும் நீராவி, உள்ளே வரும் நீர், மட்டம் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கும்படி அமைக்கிறார்கள். பொங்கலைப் பொங்கல் என்று அறிந்து பொறுத்திருக்கும் பக்குவத்தை இரும்புக்குக் கற்றுக்கொடுப்பது அவருடைய ட்யூனிங்.

அந்த ட்யூனிங்கின் வேரில் ஒரு மாலுமியின் கை இருக்கிறது. 1922இல் நிக்கலஸ் மினார்ஸ்கி என்ற பொறியாளர் கப்பல் தானாகத் திசை பிடிக்கும் வழியை ஆராய்ந்தபோது, சுக்கான் பிடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது, இதுவரை எவ்வளவு விலகல் சேர்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று மூன்று வகையாக அளந்து சுக்கானைத் திருப்பும் முறை அதிலிருந்து பிறந்தது. இன்றைய பி.ஐ.டி. அதுதான். அந்த மூன்றுக்கும் எண் கண்டுபிடிக்க 1942இல் சீக்லரும் நிக்கோல்ஸும் விதிகள் தந்தார்கள். அவை தொடக்கப்புள்ளிகள். மீதியை அவர் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துப் பார்த்து, சிறிது கூட்டி, சிறிது குறைத்து, இசைவு வரும்வரை காத்திருந்து சேர்க்கிறார்.

அரவை தொடங்கிய அன்று மறுபடி போயிருந்தேன். சக்கை எரிகிறது, ஆலை அதிர்கிறது. தண்ணீர்க் குழாயின் மேலுள்ள கன்ட்ரோல் வால்வின் பளபளப்பான தண்டைக் காட்டினார். அது ஒரு நூலளவு மேலே எழுந்தது. நின்றது. பிறகு அதில் பாதி இறங்கியது.

“பாருங்க” என்றார், மெதுவாக, தூங்கும் பிள்ளையைக் காட்டுவதுபோல.