ஒரு வாரப் புள்ளியும் மூன்றாண்டு மதிப்பும்

2019 செப்டம்பர் 8 அன்று ஜாக்சன்வில்லில் நடந்த அமெரிக்கக் கால்பந்து லீக் (என்எஃப்எல்) ஆட்டத்தில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் வைட் ரிசீவர் சாமி வாட்கின்ஸ் 9 பந்துகளைப் பிடித்தார். 198 யார்டு, 3 டச்டவுன். ஃபேன்டஸி ஃபுட்பாலில், கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் பிபிஆர் முறையில் அது 46.8 புள்ளி. பருவத்தின் முதல் வாரம் அது. பருவம் முடிந்தபோது அவர் பெயரில் இருந்தவை 52 கேட்ச், 673 யார்டு, அதே 3 டச்டவுன். முதல் ஆட்டத்துக்குப் பின் அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் அவர் ஒருமுறைகூட டச்டவுன் கோட்டைத் தாண்டவில்லை. அன்றிரவு தன் ஃபேன்டஸி அணிக்கு அவரைப் பெரிய விலை கொடுத்து வாங்கியவர், நடந்து முடிந்த ஓர் ஆட்டத்துக்குப் பணம் கட்டினார்.

ஃபேன்டஸி ஃபுட்பால் புதிய விளையாட்டல்ல. ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் 1962-இல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து அதன் விதிகளை வகுத்தார். மறு ஆண்டு முதலாவது டிராஃப்ட், அதாவது ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் தேர்வு, நடந்தது. அடிப்படை இன்றும் அதுதான். நிஜ ஆட்டக்காரர்களை உங்கள் அணிக்கு எடுக்கிறீர்கள், அவர்கள் களத்தில் செய்வது உங்களுக்குப் புள்ளியாகிறது: இன்றைய வழக்கத்தில் பத்து யார்டுக்கு ஒன்று, டச்டவுனுக்கு ஆறு. சாதாரண லீக்கில் பருவம் முடிந்தால் அணி கலைந்துவிடும். டைனஸ்டி லீக்கில் கலைவதில்லை. எடுத்த ஆட்டக்காரர் ஆண்டுக்கணக்கில் உங்களிடமே இருப்பார். ஏப்ரலில் என்எஃப்எல் டிராஃப்ட் முடிந்தபின் புதுமுகங்களை மட்டும் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்னும் வராத ஆண்டின் டிராஃப்ட் உரிமையைக்கூட இன்றைக்கே கைமாற்றலாம். ஆக, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு மதிப்பு உண்டு. இந்த வாரம் எத்தனை புள்ளி தருவார் என்பது ஒன்று, வரும் ஆண்டுகளில் எத்தனை தருவார் என்பது இன்னொன்று. முதலாவதைப் பார்த்து இரண்டாவதை எவ்வளவு திருத்தலாம் என்பதே டைனஸ்டி ஆடுகிறவர் வாரந்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி. பெரும்பாலோர் தேவைக்கு மேல் திருத்துகிறார்கள், அதுவும் தப்பான எண்ணைப் பார்த்து.

புள்ளியின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சேஸ் கிளேபூல் 2020 அக்டோபர் 11 அன்று, புதுமுகமாக, ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக நான்கு டச்டவுன் எடுத்தார். வயது 22, ஆறடி நாலங்குல உயரம், மின்னல் ஓட்டம். அடுத்த பத்தாண்டின் நட்சத்திரம் என்ற பேச்சு அன்றே கிளம்பிவிட்டது. அந்தப் பருவத்தில் அவர் பிடித்தது 62 பந்து, 873 யார்டு, 9 டச்டவுன். அடுத்த பருவத்தில் 59 பந்து, 860 யார்டு, 2 டச்டவுன். இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். மனிதர் செய்த வேலை கிட்டத்தட்ட மாறவே இல்லை. மாறியது கோட்டுக்குப் பக்கத்தில் பந்து யார் கைக்குப் போயிற்று என்பது மட்டும். அதிலேயே 42 புள்ளி போய்விட்டது. 2022 நவம்பரில் ஸ்டீலர்ஸ் அவரைச் சிகாகோவுக்கு மாற்றிவிட்டது.

ஒரு நல்ல ரிசீவர் பருவம் முழுக்க எடுக்கும் டச்டவுன் எட்டோ பத்தோதான். அதில் மூன்று ஒரே பிற்பகலில் விழுந்தால் அந்த வாரத்து எண் வானத்தைத் தொடும். எதிர்காலத்தைப் பற்றி அது சொல்வது மிகச் சொற்பம். 17 ஆட்டங்களே உள்ள பருவத்தில் தற்செயல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள நேரமும் கிடைப்பதில்லை. ஆகவே வாரப் புள்ளியை அப்படியே எடுத்து நீண்டகால மதிப்பைத் திருத்துவது முறையற்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கூர்ந்து ஆடுகிறவர்கள் சொல்லும் பதில்: புள்ளியை விட்டுவிடு, வேலையைப் பார். எத்தனை ஸ்நாப், அதாவது ஆட்ட நகர்வு, களத்தில் இருந்தார், எத்தனை முறை பந்து அவரை நோக்கி வீசப்பட்டது, எத்தனை முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பயிற்சியாளரின் மனத்தை இந்த எண்கள் காட்டும். இதற்கு மிகச் சிறந்த சாட்சி பூக்கா நாக்குவா. 2023 டிராஃப்ட்டின் ஐந்தாம் சுற்றில் 177-ஆவது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் எடுத்த பையன். முதல் வாரம் அவரை நோக்கி 15 வீச்சு, 10 கேட்ச். இரண்டாம் வாரம் 20 வீச்சு, 15 கேட்ச். இரண்டு ஆட்டத்திலும் டச்டவுன் இல்லை. ஆனாலும் அந்த இரு வாரங்கள் வாட்கின்ஸின் மூன்று டச்டவுனைவிடக் கனமானவை, ஏனென்றால் ஒரு அணியே அவரை நம்பிப் பந்து வீசியது அவற்றில் பதிவாகியிருந்தது. பருவ முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு. இரண்டும் அப்போது புதுமுக ஆட்டக்காரர்களின் வரலாற்றுச் சாதனை.

ஆனால் இந்த அளவுகோலையும் சும்மா விடக்கூடாது. 2014 நவம்பர் 16 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் ஜோனஸ் கிரே இண்டியானாபொலிஸில் 37 முறை பந்தைத் தூக்கி ஓடி 201 யார்டும் 4 டச்டவுனும் எடுத்தார். வேலையை வைத்து அளந்தால் இதைவிட உறுதியான அத்தாட்சி கிடைக்காது. பந்தோடு ஓடுவதே வேலையான ஒரு ரன்னிங் பேக்குக்கு 37 ஓட்டம் என்பது முழு நம்பிக்கை. அந்த வெள்ளிக்கிழமை அவர் தூங்கிப்போய்ப் பயிற்சிக்குத் தாமதமாக வந்தார். அதே வாரம் அணி தன் பழைய ரன்னிங் பேக் லெகாரட் பிளவுன்ட்டைத் திரும்பச் சேர்த்திருந்தது. ஞாயிறன்று டெட்ராய்ட்டுக்கு எதிராக கிரேவுக்கு ஒரு ஸ்நாப்கூடக் கிடைக்கவில்லை. பிளவுன்ட் இரண்டு டச்டவுன் எடுத்தார். அடுத்த பருவம் தொடங்குமுன் கிரேவை அணி விடுவித்துவிட்டது.

தூக்கத்தின் மீது பழியைப் போடுவது எளிது. அடியில் இருந்த காரணம் வேறு. அணியின் ரன்னிங் பேக் ஸ்டீவன் ரிட்லி முழங்காலில் அடிபட்டதால் பயிற்சி அணியிலிருந்து மேலே வந்தவர் கிரே. பேட்ரியட்ஸின் அப்போதைய பயிற்சியாளர் பில் பெலிசிக் எதிரணியைப் பார்த்து வாரத்துக்கு ஒரு திட்டம் போடுகிறவர். அந்த 37 ஓட்டமும் இண்டியானாபொலிஸின் பலவீனத்துக்காக வகுத்தது; கிரேவின் இடத்தை அது உறுதி செய்யவில்லை. ஆக, வேலை வந்தது மட்டும் போதாது. எதனால் வந்தது, அந்தக் காரணம் நீங்கினாலும் நிற்குமா என்பதையும் சேர்த்து எடை போட வேண்டும்.

நாக்குவாவின் கதையிலும் இந்தக் கேள்வி இருந்தது. ராம்ஸின் முதன்மை ரிசீவர் கூப்பர் கப் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களுக்கு வெளியே இருந்தார்; அவர் வந்ததும் பையன் காணாமல் போவான் என்று சொன்னவர்கள் நியாயமாகத்தான் சொன்னார்கள். ஐந்தாம் வாரம் கப் வந்தார், 8 கேட்ச், 118 யார்டு. அதே ஆட்டத்தில் நாக்குவாவுக்கு 7 கேட்ச், 71 யார்டு, ஒரு டச்டவுன். அவருடைய நீண்டகால மதிப்பு உண்மையில் நிலைபெற்றது அன்றுதான். இருபது வீச்சு வந்த இரண்டாம் வாரத்தைவிட, எண்ணிக்கை குறைந்த இந்த வாரமே வலுவான ஆதாரம். வாட்கின்ஸுக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம். அவர் வெடித்த ஆட்டத்தில் அணியின் இன்னொரு ரிசீவர் டைரீக் ஹில் காயமடைந்து வெளியேறியிருந்தார். அடுத்த வாரமும் வாட்கின்ஸுக்குப் பத்துக்கு மேல் வீச்சு வந்தது. கிடைத்ததோ 49 யார்டு. ஹில் இல்லாத வாரங்களிலேயே அவர் தளர்ந்துவிட்டார்.

ரன்னிங் பேக் டெரிக் ஹென்றியை இங்கே கொண்டுவராமல் தீர்ப்புக்குப் போக முடியாது, ஏனென்றால் ஒரு வாரத்தை நம்பக்கூடாது என்கிறவர்களுக்கு அவர்தான் பதில். 2018 பருவத்தின் முதல் 12 ஆட்டங்களில் டென்னசியில் டியன் லூயிஸோடு வேலையைப் பகிர்ந்துகொண்டு அவர் எடுத்தது 474 யார்டு. டிசம்பர் 6 இரவு ஜாக்சன்வில்லுக்கு எதிராக, ஒரு 99 யார்டு ஓட்டம் உட்பட, 238 யார்டு, 4 டச்டவுன். வெறும் 17 ஓட்டத்தில். வாட்கின்ஸைப் போல இதுவும் கடந்துபோகும் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளர் அவரிடம் பந்தை 33 முறை கொடுத்தார்; 170 யார்டு வந்தது. யாருடைய காயமும் திறந்துவிட்ட வாசல் அல்ல அது, அணியே எடுத்த முடிவு. 2019-இலும் 2020-இலும் என்எஃப்எல்லில் அதிக யார்டு ஓடியவர் அவர்தான்; இரண்டாவது பருவத்தில் 2,027. சேதி 238 யார்டில் இல்லை, மறுவாரத்து 33 ஓட்டத்தில் இருந்தது.

டிராஃப்ட்டில் எந்தச் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்பதைப் பார்த்தாலே போதும் என்று சிலர் வாதிடுவார்கள். போதாது. வாட்கின்ஸ் 2014 டிராஃப்ட்டில் நான்காவதாக எடுக்கப்பட்டவர். 2012-இல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட ட்ரென்ட் ரிச்சர்ட்சன், 2014-க்குப் பிறகு என்எஃப்எல் பருவ ஆட்டம் எதிலும் ஆடவில்லை. 2020 டிராஃப்ட்டில் ஃபிலடெல்ஃபியா 21-ஆவது இடத்தில் ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்தில் மினசோட்டாவுக்கு ஜஸ்டின் ஜெஃபர்சன் கிடைத்தார், முதல் பருவத்திலேயே 1,400 யார்டு. ஆண்டு முழுக்க வீடியோ பார்க்கிற தொழில்முறைக் குழுக்களே இப்படித் தவறினால், இன்னும் கல்லூரியில் இருக்கிற பையன்களின் பேரில் எழுதிய டிராஃப்ட் உரிமையை டைனஸ்டி சந்தை தங்கம்போல் மதிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. மூன்று பெயரைக் காட்டி யாரை வைத்துக்கொள்வீர்கள், யாரை விற்பீர்கள், யாரை நீக்குவீர்கள் என்று கேட்டு விலைப்பட்டியல் போடும் கீப்டிரேட்கட் போன்ற தளங்கள் சொல்வது கூட்டத்தின் விருப்பத்தை. பேரத்துக்கு அது உதவும். மதிப்பை அறிய உதவாது.

இளமையைப் பற்றியும் கறாராகப் பேச வேண்டும். ரன்னிங் பேக் டாட் கர்லி 2018 ஜூலையில், 24 வயது நிறையுமுன், ராம்ஸோடு நான்கு ஆண்டுக்கு 5 கோடியே 75 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். அந்தப் பருவத்தில் 21 டச்டவுன். 2020 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. அந்த ஆண்டோடு அவருடைய ஆட்டமே முடிந்தது, 26 வயதில். இன்னொரு ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2019-இல் ஓட்டத்திலும் கேட்சிலும் தனித்தனியாக ஆயிரம் யார்டு கடந்தார். அடுத்த இரு பருவங்களின் 33 ஆட்டங்களில் 10-இல் மட்டுமே ஆடினார். எல்லோரும் கிழவர் என்று கைவிட்ட வயதில், 2024-இல், 30 வயது ஹென்றி பால்டிமோருக்காக 1,921 யார்டு ஓடினார். ரன்னிங் பேக்குக்கு மூன்றாண்டு மதிப்பு என்று ஒன்றைச் சொல்வதே ஊகம். ரிசீவர்கள் விஷயம் வேறு. லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 34 வயதில் 109 பந்து பிடித்தார். கால்களின் தேய்மானம் இரண்டு வேலைக்கும் ஒன்றல்ல.

இன்னொரு பக்கமும் தராசில் ஏற வேண்டும். 2020 டிசம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்ஸின் ரன்னிங் பேக் ஆல்வின் கமாரா, எர்னி நெவர்ஸ் 1929-இல் படைத்த சாதனையைச் சமன்செய்து, ஓடியே ஆறு டச்டவுன் எடுத்தார். 56.2 புள்ளி. பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளுக்கு அது இறுதிப்போட்டி வாரம். அடுத்த ஆண்டு அவருடைய மொத்த டச்டவுன் 9, அதற்கடுத்த ஆண்டு 4. அந்த வாரம் அவருடைய வருங்காலத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை, ஆனால் கோப்பையை வென்று கொடுத்தது. எதிர்காலத்தைச் சேமித்துக்கொண்டே போகிற அணிக்கு இப்படி ஒரு வாரம் கிடைத்தாலும் பயனில்லை, இறுதிப்போட்டியிலேயே அது இருக்காது. நீண்டகால மதிப்பு எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், என்றாவது ஒரு டிசம்பர் வாரத்துப் புள்ளியாக மாறினால்தான் அது மதிப்பு.

என் முடிவு இது. ஒரு வாரத்துப் புள்ளிக்காக நீண்டகால மதிப்பை நகர்த்தக்கூடாது, கிளேபூலின் நான்கு டச்டவுன் போல எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. ஒரு வாரத்து வேலைக்காக நகர்த்தலாம். ஆனால் அந்த வேலை எந்தக் காலியிடத்தில் பிறந்ததோ அந்த இடத்துக்கு உரியவர் திரும்பியபின், அல்லது ஹென்றிக்கு நடந்ததுபோல் மறுவாரமும் பயிற்சியாளர் அதையே செய்தபின். காத்திருந்தால் விலை ஏறும் என்பது உண்மை. நாக்குவாவை ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு வாங்கியவர் கூடுதல் விலை கொடுத்தார், ஆனால் கிரேவை அவர் வாங்கியிருக்க மாட்டார்.

இந்த அளவுகோலுக்கு அடங்காதவர்களும் உண்டு. 2023-இல் மயாமி 70-20 என்று டென்வரை நொறுக்கிய ஆட்டத்தில் அதன் ரன்னிங் பேக் டீவான் ஏச்சேன் 18 ஓட்டத்தில் 203 யார்டு எடுத்தார். அந்தப் பருவம் முழுக்க ஓட்டத்துக்குச் சராசரி 7.8 யார்டு. குறைந்த வேலையில் இத்தனை பலன் நிலைக்காது என்பது பொது விதி. அவரோ அடுத்த ஆண்டு முழு வேலையையும் கைப்பற்றி 78 பந்து பிடித்தார். அபூர்வமான வேகம் உள்ளவர்களிடம் இந்த அளவுகோல் தாமதமாகத்தான் பேசும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

ரன்னிங் பேக்குகளைப் பொறுத்தவரை இரண்டு பருவத்துக்கு அப்பால் எந்த விலையும் கொடுக்க மாட்டேன். அக்டோபரில் முன்னணியில் இருக்கிற அணி தன் அடுத்த ஆண்டு முதல் சுற்று உரிமையைக் கொடுத்து 29 வயது ரன்னிங் பேக் ஒருவரை வாங்கினால் சந்தை சிரிக்கலாம். அவருக்கு வாரத்துக்கு 18 ஓட்டம் நிலையாகக் கிடைக்கிறது என்றால் வாங்குகிறவர் பக்கமே நியாயம். கடைசி இடத்தில் தவிக்கிற அணி அதே மனிதரை, பெரிய புள்ளி எடுத்த ஞாயிறுக்கு மறுநாளே விற்றுவிட வேண்டும்.