விரல் ரேகையும் சாட்சியமும்: தனிப் பியானோவில் ஜாஸ் கற்பது குறித்து

ஜாஸ் என்றவுடனே 'சுதந்திரம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தந்த நேரத்தில் மனசுக்குத் தோன்றுவதை வாசிப்பது, விதியை மீறுவது, உள்ளேயிருந்து பொங்கி வருவது — இப்படி ஒரு சொல்லாடல் ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இது யாருக்கு வசதி, எதை மறைக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. சில வருஷங்களாக வீட்டில் ஒரு மின்பியானோ முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் வேறு வாத்தியம் எதுவும் இல்லாமல், ஜாஸ் 'ஸ்டாண்டர்டு'களை வாசிக்கப் பழகிவருகிறவன் நான். இந்தப் பழக்கத்தில் கை கண்டதை வைத்துக்கொண்டு இந்தச் 'சுதந்திர'த்தைக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று தோன்றுகிறது. விசாரணைக்கு மூன்று பேரைக் கூப்பிடுகிறேன்: தத்துவவாதி தியோடர் அடோர்னோ, சமூகவியலாளர் டேவிட் சட்னோ, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்.

முதலில் 'ஸ்டாண்டர்டு' என்றால் என்ன? பெரும்பாலும் 1920களிலிருந்து 40கள் வரை பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்ட காதல் பாட்டுகள். அனேகமாக 32 'பார்' நீளம். ஜாஸ்காரர்கள் அதிலிருந்து மெட்டையும், மெட்டுக்கு அடியில் ஓடும் கார்டு வரிசையையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதிதான் கார்டு) மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அதே கார்டு வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன்மேல் புதிதாக இட்டுக்கட்டிக்கொண்டு போவார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். தமிழில் 'இட்டுக்கட்டுவது' என்றால் பாட்டுக் கட்டுவது என்றும் அர்த்தம், இல்லாததைச் சொல்வது என்றும் அர்த்தம். ஜாஸ் பற்றிய சண்டைகளில் பாதி இந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

கற்கிறவன் கைக்கு வருவது ஒரு பக்கம் — 'லீட் ஷீட்'. மெட்டு ஒரு வரி. அதற்கு மேலே கார்டுகளின் பெயர்கள் சுருக்கமாக. இடது கை என்ன செய்ய வேண்டும், சுரங்களை எப்படி அடுக்க வேண்டும், லயம் எப்படி நடக்க வேண்டும் — ஒன்றும் இருக்காது. இந்தப் பக்கங்களின் புகழ்பெற்ற தொகுப்பான 'ரியல் புக்', 1970களின் நடுவில் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி வட்டாரத்தில் அனுமதியில்லாமல் தொகுக்கப்பட்டு, ஜெராக்ஸ் பிரதிகளாகக் கைமாறியது. ஹால் லியனர்ட் பதிப்பகம் அதைச் சட்டப்படி வெளியிட்டது 2004இல்தான். சிறுபத்திரிகை வாசகருக்கு இந்தக் கதையில் ஒரு பரிச்சயம் தட்டலாம். நான் சொல்ல வருவது வேறு. அச்சான வரி பாட்டை எழுதியவரின் சொத்து. அச்சாகாமல் விட்ட வெள்ளை இடம்தான் ஜாஸ். அந்த இடத்தை நிரப்பும் முறைகளைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள்.

அந்த இடத்தை நிரப்பக் கை எப்படிக் கற்கிறது? ஸ்டாண்டர்டுகளில் ஓயாமல் வருகிற ஒரு வரிசை உண்டு: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். ஒவ்வொரு கார்டின் குணத்தையும் தீர்மானிப்பது அதன் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும். முதல் கார்டில் அவை எஃப், சி. இரண்டாவதில் பி, எஃப். மூன்றாவதில் ஈ, பி. விரலை வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். முதல் மாற்றத்தில் எஃப் அப்படியே இருக்கிறது, சி மட்டும் அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. அடுத்ததில் பி அப்படியே இருக்கிறது, எஃப் அரைச்சுரம் இறங்கி ஈ ஆகிறது. காகிதத்தில் மூன்று பெரிய பெயர்கள். கையில் இரண்டு சின்ன நகர்வுகள். இதைப் பன்னிரண்டு சுருதிகளிலும் மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கிறது.

தனியாக வாசிப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் பில் எவான்ஸ் போன்றவர்கள், கார்டின் ஆதார சுரத்தை விட்டுவிட்டு மற்றச் சுரங்களை மட்டும் இடது கையில் அடுக்கும் முறையைப் பரவலாக்கினார்கள். இன்று பயிற்சி நூல்கள் பலவும் இதைச் சொல்லித்தருகின்றன. ஆனால் அது, பக்கத்தில் ஒருவர் பாஸ் வாசித்து ஆதாரத்தைத் தாங்குவார் என்ற நம்பிக்கையில் நிற்கும் முறை. தனியாளாக அப்படியே வாசித்தால் தரை போடாத வீட்டில் நடப்பது மாதிரி இருக்கும். அதனால் தனிப் பியானோவுக்குப் பழைய ஹார்லெம் 'ஸ்டிரைடு'க்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இடது கை ஒன்றாம், மூன்றாம் அடிகளில் கீழே போய் ஆதார சுரத்தைத் தொடும். இரண்டாம், நான்காம் அடிகளில் மேலே வந்து கார்டைப் போடும். ஜேம்ஸ் பி. ஜான்சன் முதல் ஆர்ட் டேட்டம் வரை ஒரே கை இரண்டு மூன்று ஆள் வேலை பார்த்தது இப்படித்தான். இதில் 'மனசுக்குத் தோன்றியது' எங்கே இருக்கிறது? கை கற்ற பிறகுதான் மனசுக்கு எதுவும் தோன்றவே செய்கிறது.

இந்த இடத்தில் அடோர்னோ சிரிப்பார். 1936இல் ஹெக்டர் ராட்வைலர் என்ற புனைபெயரில் அவர் எழுதிய ஜாஸ் கட்டுரையின் குற்றச்சாட்டே இதுதான்: ஜாஸின் தன்னிச்சை போலியானது; சட்டகம் அசைவதே இல்லை; இட்டுக்கட்டுவதெல்லாம் தயார்நிலைச் சூத்திரங்களின் மேல்பூச்சு; கலாச்சாரத் தொழில் விற்கிற சுதந்திர வேஷம். எரிச்சலோடு ஒப்புக்கொள்ள வேண்டும், தகவல் அளவில் அவர் சொல்வது சரி. 32 பார் அசையத்தான் இல்லை. சூத்திரங்களைத்தான் நானும் நாள்தோறும் உருப்போடுகிறேன். ஆனால் தகவலிலிருந்து முடிவுக்கு அவர் தாவுகிற தாவல் இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. ஒரு பிரதி தன் சட்டகத்தைத் தானே உருவாக்கி வளர்த்தெடுத்தால்தான் அது சுதந்திரம் என்பது ஐரோப்பிய செவ்வியல் இசை தந்த அளவுகோல். இலக்கணம் மாறவில்லை என்பதற்காகப் பேசுகிறவன் எதுவும் சொல்லவில்லை என்று யாராவது சொல்வார்களா? அடோர்னோ கேட்பவர் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார். ஜாஸில் கறுப்பினத்தவரின் பங்கையே அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார் என்பதும் தற்செயல் இல்லை.

வாசிப்பவர் நாற்காலிக்கு வந்து எழுதியவர் சட்னோ. மருத்துவமனைகளில் சாவு எப்படி நிர்வகிக்கப்படுகிறது என்று 1967இல் புத்தகம் எழுதிய இந்த அமெரிக்க சமூகவியலாளர், ஜாஸ் பியானோ கற்கப் போய், அந்தக் கற்றலையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். 1978இல் வந்த 'வேஸ் ஆஃப் தி ஹேண்ட்' அதன் விளைவு. முதலில் கார்டுகளின் இடங்கள். பிறகு கார்டுக்குக் கார்டு ஓட்டக்கூடிய சுரப்பாதைகள். சுரமெல்லாம் சரி, ஆனால் ஜாஸ் வரவில்லை. அப்புறம் ஜிம்மி ரோல்ஸ் என்ற பியானோ கலைஞர் உட்காரும் விதத்தையும் உடம்பு லயத்தோடு போகும் விதத்தையும் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கை தானே போக வேண்டிய இடத்தை அறிகிறது, விரல் பாடுகிறது. தன்னிச்சை என்ற மர்மத்தை இவ்வளவு பொறுமையாகக் கழற்றிப் போட்ட பிரதி நான் வாசித்த வரையில் வேறு இல்லை. என் கை மந்தமாகக் கடந்துகொண்டிருக்கிற படிகளுக்கு இந்தப் புத்தகத்தில்தான் பெயர் கிடைத்தது.

ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. சட்னோவின் கைக்கு வரலாறு இல்லை. ஒரு அறை, ஒரு பியானோ, ஒரு கை, அவ்வளவுதான். அந்தக் கை எந்தக் கைகளைப் பார்த்துக் கற்றதோ அந்தக் கைகளுக்கு வெளியே என்ன நடந்தது என்ற கேள்வி புத்தகத்துக்குள் வருவதில்லை. நிகழ்வியலின் 'உடல்' எப்போதும் யாருடைய உடலும் இல்லாத உடலாகவே வந்து நிற்கிறது.

நியூயார்க் நகரத்தில் 1940 முதல் 1967 வரை ஒரு ஏற்பாடு இருந்தது. மது விற்கும் விடுதிகளில் வாசிக்க வேண்டுமானால் கலைஞர்கள் போலீசிடம் ஒரு அனுமதி அட்டை வாங்க வேண்டும். படம் எடுப்பார்கள், விரல் ரேகை பதிவு செய்வார்கள். 1951இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் கைதானபின் மங்கின் அட்டை பறிக்கப்பட்டது. 1957 வரை, தன் சொந்த நகரத்து விடுதிகளில் அவரால் முறைப்படி வாசிக்க முடியவில்லை. ஜாஸ் பியானோவின் விரல்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சட்னோ பாட வைத்த அதே விரலுக்கு அரசு மை பூசியது.

சட்டம் இன்னொரு இடத்திலும் வருகிறது. அமெரிக்கக் காப்புரிமை மெட்டைப் பாதுகாக்கிறது. கார்டு வரிசையைப் பொதுவாகப் பாதுகாப்பதில்லை. 1940களின் கலைஞர்கள் இந்த விரிசலைத் திறமையாகப் பயன்படுத்தினார்கள்: பழைய பாட்டின் கார்டு வரிசையை வைத்துக்கொண்டு, மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது மெட்டு. 1929இல் வந்த 'ஜஸ்ட் யூ, ஜஸ்ட் மீ' என்ற பாட்டை மங்க் அப்படித்தான் எடுத்தார். 'நீ மட்டும், நான் மட்டும்' என்ற தலைப்பு 'நாம் மட்டும்' ஆகிறது — 'ஜஸ்ட் அஸ்'. அதைச் சேர்த்து உச்சரித்தால் 'ஜஸ்டிஸ்', நீதி. நீதியிலிருந்து 'எவிடென்ஸ்', சாட்சியம். 1948இல் பதிவான 'எவிடென்ஸ்' மெட்டைக் கேட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகிற ஒற்றைக் குத்துகள், நடுவில் மௌனம். மூலப்பாட்டின் எலும்புகள் மட்டும் கிடக்கின்றன. குறிப்பான்களின் சறுக்கல் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு தலைப்பில் முடித்துவிட்டார். 1956இல் அவரே மூலப்பாட்டையும் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் சொன்னதை நாம் கொண்டாடினோம். ஜாஸ் ஸ்டாண்டர்டில் ஆசிரியன் என்றைக்கோ இறந்துவிட்டான்; ஆனால் உரிமையாளன் சாகவில்லை. 1929ஆம் வருஷத்துப் பாட்டுகள் அமெரிக்காவில் பொதுச்சொத்தானது 2025 ஜனவரி 1இல்தான். மறுபக்கம், மங்க் எழுதி, தானே ஒரு ஸ்டாண்டர்டாகிவிட்ட 'ரவுண்ட் மிட்நைட்'டின் உரிமைப் பதிவில் கூட்டி வில்லியம்ஸ், பெர்னி ஹானிகன் என்று வேறு இரண்டு பெயர்களும் உண்டு. 1957 ஏப்ரலில் மங்க் தனியாக வாசித்த 'ஏப்ரல் இன் பாரிஸ்' பதிவைக் கேட்டால், புது மெட்டு என்று அதிகம் எதுவும் கிடையாது. இருக்கிற மெட்டைத்தான் இழுத்து, நிறுத்தி, எதிர்பாராத சுரங்களை அடியில் வைத்து வாசிக்கிறார். கண்டுபிடிப்பு முழுக்க அடுக்கிலும் காலத்திலும்தான் இருக்கிறது. பாட்டின் உரிமையை மெட்டில் தேடுகிற சட்டத்தின் கண்ணுக்கு இது எதுவுமே 'படைப்பு' இல்லை.

இப்போது 'சுதந்திரம்' என்ற சொல்லாடலுக்குத் திரும்பலாம். 'தானாகப் பொங்கியது' என்று சொல்லிவிட்டால் அங்கே உழைப்பு இல்லை. உழைப்பு இல்லையென்றால் கூலி கேட்க முடியாது, உரிமை கேட்க முடியாது. கறுப்பினக் கலைஞரை 'இயற்கையான' திறமைசாலி என்று புகழ்வது, அவர் உழைத்ததைக் கழித்துவிட்டுப் புகழ்வது. அடோர்னோவின் வசையும் இந்தப் புகழ்ச்சியும் எதிரெதிர் மாதிரி தெரிந்தாலும், கையின் வேலையைக் காணாமல் விடுவதில் ஒன்றுசேர்ந்துகொள்கின்றன.

இதற்கு எதிரான சாட்சியம் ஒலியாகவே இருக்கிறது. அதே 1957 ஏப்ரலில் 'ரவுண்ட் மிட்நைட்'டைத் தனிப் பியானோவில் பதிவு செய்தபோது மங்க் முயன்று முயன்று பார்த்த நாடாவும் பிற்பாடு வெளியிடப்பட்டது. இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. தொடங்குகிறார், நிறுத்துகிறார், ஒரு அடுக்கைப் போட்டுப் பார்க்கிறார், மாற்றுகிறார், மறுபடி தொடங்குகிறார். தானே எழுதி, பல வருஷமாக வாசித்துவந்த பாட்டு. பழகத் தொடங்குகிற எவருக்கும் இதைத்தான் முதல் பாடமாக நான் சொல்வேன்.

என்றால் கற்பது என்பது என்ன? பார்த் ஒரு கட்டுரையில், கேட்கிற இசை, வாசிக்கிற இசை என்று இரண்டைப் பிரித்தார். வாசிக்கிற இசை தசையில் நடப்பது, அதை வாசிக்கிற அமெச்சூர் அருகிவிட்டான் என்று வருந்தினார். ஜாஸைப் பழகுகிற அமெச்சூர் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இடது கையில் ஆதாரத்தைத் தொட்டு மேலே வரும் ஒவ்வொரு தடவையும் நான் யாரோ ஒருவருடைய உழைப்பை மேற்கோள் காட்டுகிறேன். அந்த மேற்கோளுக்கு லீட் ஷீட்டில் இடமில்லை, உரிமைப் பதிவில் பெயரில்லை. பெயர் சொல்லி வாசிப்பது, யார் கையிலிருந்து வந்தது என்று தேடித் தெரிந்துகொண்டு வாசிப்பது — தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவனுக்குச் சாத்தியமான அரசியல் இவ்வளவுதான். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. கடன் எங்கே இருக்கிறது என்று தெரிந்த கைதான் அடுத்த சுரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. தெரியாத கை சூத்திரத்தை ஒப்பிக்கிறது. சுதந்திரம் என்ற சொல்லை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அதை இந்தத் தேர்வுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.