பிறந்த ஊரும் பிறந்தகமும்: ஜப்பானிய நினைவேக்கப் பாடல்களும் கரோக்கேயில் முதிய பெண்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானில் முதிய பெண்களுடன் அமர்ந்து கரோக்கே பாடுவோர் தேர்ந்தெடுக்கும் பழைய பாடல்கள், 'ஊர் நினைவு' என்னும் ஒரே பொருளுடையனவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அப்பாடல்களில் ஊர் என்பது ஆணுக்கு ஒரு பொருளையும் பெண்ணுக்கு வேறொரு பொருளையும் தருகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 1914 முதல் 1977 வரை வெளிவந்த சில பாடல்களின் உள்ளடக்கம் இந்நோக்கில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கரோக்கே, என்கா, நினைவேக்கம், பிறந்தகம், முதுமை, பெண் குரல்

பாடலின் வயதும் பாடுபவரின் வயதும்

இனோவே தாய்சுகே 1971இல் கோபே நகரின் மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்ட இசைக்கருவியோடு கரோக்கேயின் வணிக வரலாறு தொடங்குகிறது எனப் பொதுவாகக் கூறுவர். அக்கூடங்களில் மாலை வேளையில் கூடியவர்கள் பெரும்பாலும் அலுவலகம் முடித்துவந்த ஆண்கள். 1985இல் ஒக்காயாமாவில் பழைய சரக்குப் பெட்டகம் ஒன்று பாடும் அறையாக மாற்றப்பட்ட பின்னரே, மதுவோடும் இரவோடும் தொடர்பில்லாத தனி அறைகள் பரவின. குடும்பப் பெண்கள் பகற்பொழுதில் கூடிப் பாடுவதற்கு அது வழிசெய்தது. இன்று பகல்நேரக் கரோக்கே முதியோரின் பொழுதுபோக்காக நிலைபெற்றுள்ளது. முதியோர் இல்லங்களுக்கென்றே கரோக்கே நிறுவனங்கள் தனிக் கருவித்தொகுதிகளை உருவாக்கியுள்ளன.

இவ்விடங்களில் 'பழைய பாடல்' என்பது ஒரே குவியலாகக் கொள்ளப்படுவதுதான் முதற்சிக்கல். ஜப்பானில் பொதுவாக 65 வயது நிரம்பியோர் முதியோர் எனக் கணக்கிடப்படுகின்றனர். 2025இல் 85 வயதுடைய பெண் 1940இல் பிறந்தவர். போர் முடிந்தபோது அவருக்கு 5 வயது, ஷிமாகுரா சியோகோ பாடிய 'தோக்கியோ தாயோ ஒக்காசான்' (இதுதான் தோக்கியோ, அம்மா) வெளிவந்த 1957இல் 17 வயது. 66 வயதுப் பெண்ணுக்கோ 'பிங்க் லேடி' இணையர் 'யுஎஃப்ஓ' பாடலைப் பாடியாடிய 1977இல் 18 வயது. இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, இருவருக்கும் பள்ளிப்பாடலையே தருவது, தாயையும் மகளையும் ஒரே வகுப்பில் சேர்ப்பதற்கு ஒப்பானது.

இளமையில் கேட்ட இசையே முதுமையில் வலுவாக நினைவில் நிற்கும் என்பது நினைவாய்வாளர் பலரின் முடிவு. ஆயினும் கேரல் கிரும்ஹான்சல் 2013இல் தம் இணையாசிரியருடன் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரின் இளமைக்கால இசையும் பிள்ளைகளின் நினைவில் இடம்பெறுவதை எடுத்துக்காட்டியது. இது கருதத்தக்கது. 'ரிங்கோ நோ உதா' (ஆப்பிள் பாட்டு) 1945 அக்டோபரில் வெளியான திரைப்படத்திற்கு உரியது. அடுத்த ஆண்டு இசைத்தட்டாகவும் வந்தது. இன்று 85 வயதுடைய பெண்ணுக்கு அது தம் பாடல் ஆகாது; அடுக்களையில் தாய் முணுமுணுத்த பாடலாகும். அதைப் பாடிய நமிகி மிச்சிகோ, அவ்வாண்டு மார்ச்சில் தோக்கியோ மீது நிகழ்ந்த வான்தாக்குதலில் தம் தாயை இழந்தவர். பாடலின் துள்ளலில் அவ்விழப்பின் சாயல் சிறிதும் இல்லை. முதிய பெண் ஒருவர் அதைச் சிரித்துக்கொண்டே பாடுவதால், அவர் மகிழ்ச்சியான காலத்தை நினைக்கிறார் என்று முடிவுசெய்ய இயலாது.

திரும்பி வருபவர் யார்

முதியோர் இல்லங்களின் பாடற்பட்டியலில் தவறாது இடம்பெறுவது 'ஃபுருசாதோ' (பிறந்த ஊர்). 1914இல் ஆறாம் வகுப்புப் பாடநூலில் வெளிவந்த இப்பாடலின் சொற்கள் தக்கானோ தாத்சுயுகிக்கும் இசை ஒக்கானோ தேய்ச்சிக்கும் உரியனவாகக் கருதப்படுகின்றன. முயல் துரத்திய மலை, சிறுமீன் பிடித்த ஆறு, பெற்றோர் நலமா என்னும் ஏக்கம் ஆகியவற்றைக் கடந்து அது முடியும் இடமே முதன்மையானது. எண்ணிய குறிக்கோளை முடித்து ஒருநாள் ஊர் திரும்புவேன் என்னும் உறுதி அது. மெய்ஜிக் காலம் வளர்த்த முன்னேற்ற வேட்கையின் குரல் இதில் ஒலிக்கிறது. நகரம் சென்று கற்று, பதவி பெற்று, பெயரோடு மீள்பவன் ஓர் ஆண்மகன்.

அக்காலப் பெண்ணுக்கு இத்திரும்புதல் வாய்க்கவில்லை. அவள் ஊரைவிட்டு நீங்கியது பெரும்பாலும் மணத்தால். மீண்டும் வந்து தங்குவது மணமுறிவின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. தமிழில் 'பிறந்த ஊர்' என்பதற்கும் 'பிறந்தகம்' என்பதற்கும் உள்ள இடைவெளி இதனை உடனே புலப்படுத்தும். ஊர் யாவர்க்கும் உண்டு. பிறந்தகம் என்னும் சொல் புக்ககம் சென்ற பெண்ணுக்கே பொருந்துவது. பெற்றோர் இல்லத்தைக் குறிக்கும் 'ஜிக்கா' என்னும் ஜப்பானியச் சொல் ஆணும் பெண்ணும் வழங்குவதாயினும், மணமான பெண்ணின் வாயில் அது பிறந்தகத்தின் பொருளையே பெறுகிறது. 'ஃபுருசாதோ' ஊரைப் பாடுகிறது. பிறந்தகத்தைப் பாடவில்லை.

பிறந்தகம் இடம்பெறும் பழம்பாடல் 'அகா தோம்போ' (செந்தும்பி). மிகி ரோஃபூ 1921இல் எழுதிய கவிதைக்கு யமாதா கோசாகு 1927இல் இசையமைத்தார். சிறுவயதிலேயே தாயைப் பிரிந்த கவிஞரின் நினைவு இது. தன்னை முதுகில் சுமந்து வளர்த்த பணிச்சிறுமி பதினைந்தாம் வயதில் மணமாகிச் சென்றதும், அவள் ஊரிலிருந்து வந்த செய்தி நின்றுபோனதும் இதன் மூன்றாம் பகுதியில் இரண்டொரு சொற்களில் கூறப்படுகின்றன. நினைப்பவன் சிறுவன், நினைக்கப்படுபவள் சிறுமி. அவள் எதை நினைத்தாள் என்று பாடல் சொல்வதில்லை. முதிய பெண் ஒருவர் இதைப் பாடும்போது அவர் முதுகில் இருந்த குழந்தையாகப் பாடுகிறாரா, சுமந்தவளாகப் பாடுகிறாரா என்னும் வினா எழுகிறது. அவருடைய தாயோ பாட்டியோ பிறர் வீட்டுக் குழந்தையைச் சுமந்தவராக இருந்திருக்கக்கூடும்.

கோயனாகி ருமிகோவின் 'செதோ நோ ஹனயோமே' (செதோக் கடலின் மணமகள்) 1972இல் வெளிவந்தது. யமாகாமி மிச்சியோ எழுதிய இதில் மணப்பெண் படகேறித் தீவொன்றுக்குச் செல்கிறாள். போகாதே எனச் சிறுதம்பி அழுகிறான். ஜப்பானில் மிக அதிகமான திருமணங்கள், ஏறத்தாழ 11 இலட்சம், பதிவானது அதே ஆண்டில்தான் என்பதை அறியும்போது பாடலின் வரவேற்புக்கு மெல்லிசை மட்டுமே காரணமன்று என்பது விளங்கும். 1950ஐ ஒட்டிப் பிறந்த பெண்களுக்கு இது தம் மணநாளை நினைவூட்டும் பாடல். இனிமை மிகுந்த இப்பாடலின் குறை, புக்ககத்தின் வாயிலோடு அது நின்றுவிடுவது. அதற்கு அப்பால் நிகழ்ந்ததைப் பாடகர்தான் அறிவார்.

பெண் குரல், ஆண் எழுத்து

என்காவை ஜப்பானிய உள்ளத்தின் தொன்மையான குரல் என்பது பரவலான நம்பிக்கை. அத்தகுதி 1960களின் பிற்பகுதியை ஒட்டி அதற்கு உருவாக்கித் தரப்பட்டது என வாஜிமா யூசுகே தம் 2010ஆம் ஆண்டு நூலில் வாதிட்டுள்ளார். அதற்கு முன்னரே, கண்ணீரும் ஊர் ஏக்கமும் நாடு பற்றிய கற்பனையும் என்காவில் பின்னிக்கிடப்பதைக் கிறிஸ்டின் யானோ தம் 2002ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்தார். இவ்விரு பார்வைகளையும் ஏற்றாலும், பாடுபவருக்கு அப்பாடல் என்ன செய்கிறது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. உருவாக்கப்பட்ட மரபு என்று அறிந்ததால் எவரும் பாடுவதை நிறுத்திவிடவில்லை.

பெண் பாடும் புகழ்பெற்ற என்காப் பாடல்கள் பலவற்றை எழுதியோர் ஆண்கள். ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடுவது அகப்பாடல் பயின்றோர்க்குப் புதிதன்று. மியாகோ ஹாருமிக்கு 1976ஆம் ஆண்டின் ஜப்பான் இசைத்தட்டு விருதை ஈட்டித்தந்த 'கிதா நோ யாதோ காரா' (வடக்கு விடுதியிலிருந்து) அகு யூ எழுதியது. பிரிந்தவன் அணியமாட்டான் என்று தெரிந்தும் பெண் அவனுக்காகக் குளிராடை பின்னுகிறாள். காத்திருக்கும் பெண் என்னும் வார்ப்பு இதில் முழுமை பெறுகிறது. ஆண் விரும்பும் பெண்துயரம் இது என்னும் குற்றச்சாட்டு எளிதில் எழும். 

ஆனால் அதே அகு யூ எழுதி, இஷிகாவா சாயுரி 1977இல் பாடிய 'சுகாரு கைக்கியோ ஃபுயுகெஷிகி' (சுகாரு நீரிணையின் குளிர்காலக் காட்சி) அவ்வார்ப்பை உடைக்கிறது. உவேனோவிலிருந்து இரவு ரயிலில் வந்த பெண், பனி பொழியும் அவோமோரியில் இறங்கி வடக்கே செல்லும் கப்பலில் தனியே ஏறுகிறாள். விடைபெறும் சொல்லைச் சொல்பவள் அவளே. நான் ஊருக்குத் திரும்புகிறேன் என்பதே அவள் அறிவிப்பு. 'ஃபுருசாதோ' ஆணுக்கு வைத்த நிபந்தனை, அதாவது குறிக்கோள் நிறைவேறிய பின்னரே திரும்பலாம் என்பது, இங்கே நீங்குகிறது. வெற்றி ஏதுமின்றி, தோற்ற காதலோடு ஒரு பெண் ஊர் திரும்புகிறாள். பாடல் அதனை இழிவாகக் கருதவில்லை. தோக்கியோவின் வடவாயிலான உவேனோ நிலையத்தில்தான், பள்ளி முடித்த 15 வயதுப் பிள்ளைகள் கூட்டு வேலைவாய்ப்பு ரயில்களில் வடகிழக்கிலிருந்து வந்து இறங்கினர். அவர்களில் பெண்களும் இருந்தனர். வந்த வழியே திரும்பும் பாடல் அவர்களுக்கு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கப்பற்போக்குவரத்தும் 1988 மார்ச்சில் கடலடிச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது முடிவுற்றது. பாடுபவர் இன்று செல்ல இயலாத வழியில் பயணிக்கிறார்.

'யுஎஃப்ஓ'வின் சொற்களை எழுதியவரும் அகு யூவே என்பது ஒரு சுவையான செய்தி. அதே ஆண்டில், அதே கவிஞரிடமிருந்து வேற்றுக்கோளினனை விரும்பும் பெண்ணும் பிறந்தாள். 66 வயதுப் பெண் எழுந்து நின்று அப்பாடலின் கையசைவுகளைச் செய்துகாட்டுவதும் நினைவேக்கமே; அதற்குக் கண்ணீர் வேண்டியதில்லை.

ஒலிவாங்கி கைமாறும்போது

உடன் பாடுவோர் துயரப் பாடல்களைத் தவிர்த்தல் நன்று எனக் கருதுவதுண்டு. இக்கருத்து ஐயத்திற்குரியது. 'கன்பெகி நோ ஹஹா' (துறைமுகக் கரையின் தாய்) 1954இல் கிக்குச்சி அகிகோ பாடி வெளிவந்து, 1972இல் ஃபுதாபா யுரிகோ உரைப்பகுதி சேர்த்துப் பாடியபோது பெரும்புகழ் பெற்றது. சைபீரியச் சிறையிருப்பிலிருந்து மீள்வோரின் கப்பல்கள் வந்த மாய்சுரு துறைமுகத்தில், மகனுக்காகத் தாய் ஒருத்தி காத்திருக்கிறாள். காதலனுக்காகக் காத்திருப்பதினும் வேறான காத்திருப்பு இது. உரைப்பகுதியைச் சொல்லும்போது முதிய பெண் நடிகராகிவிடுகிறார். அழுகையை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவுசெய்கிறார். பாடலைப் பட்டியலிலிருந்து நீக்குவது அந்த உரிமையை நீக்குவதாகும்.

கருவி சார்ந்த ஒரு சிறு செய்தியும் இங்கே பொருந்தும். வயது ஏறப் பெண்ணின் குரல் தாழ்வது இயல்பு. இஷிகாவா சாயுரி பாடிய சுருதி எழுபது வயதுக் குரலுக்கு எட்டாமற் போகலாம். சுருதியைக் குறைக்கும் விசை எல்லாக் கருவிகளிலும் உண்டு. அதை அழுத்தாமல், பாட வரவில்லை என்று அவரைக் கைதட்ட மட்டும் வைப்பது உடனிருப்போரின் பிழை.

'தோக்கியோ தாயோ ஒக்காசான்' இவ்வகையில் தனித்து நிற்பது. ஊரிலிருந்து வந்த தாயை, நகரில் வாழும் மகள் அரண்மனைப் பாலத்துக்கும் அசாகுசாவுக்கும் அழைத்துச் செல்கிறாள். ஆண் இடையீடின்றி இரு பெண்கள் நடக்கும் பாடல் என்னும் சிறப்பு இதற்கு உண்டு. 1957இல் மகளின் இடத்தில் நின்று பாடிய 17 வயதுப் பெண், இன்று பாடலின் தாயைவிட மூத்தவராகியிருப்பார். அவருடைய மகள் ஒலிவாங்கியை வாங்கிப் பாடினால், அழைத்துச் செல்லப்படும் தாயின் இடம் அவருக்கு வருகிறது. நடுப்பகுதியில் அவ்விருவரும் குதான் மேட்டில், போரில் மாண்டு அங்கே வணங்கப்படும் அண்ணனைக் காணச் செல்கின்றனர். அந்த அண்ணன் யார், அவர் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தாரா என்று மகள் கேட்க விரும்பினால், அடுத்த பாடலின் எண்ணை அழுத்தாமல் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.