இன்று மாலைக்கு மட்டும்

பாதி விலை என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் கிடையாது. ஆடி மாதத்தில் ஜவுளிக் கடைக்காரர் "பாதி விலை" என்று பலகை வைத்தால் உள்ளே போகிற கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் புடவையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, "போன வருஷச் சரக்காக இருக்குமோ?" என்ற சந்தேகமும் பையோடு கூடவே வருகிறது. நாடகக் கொட்டகை விஷயத்தில் இந்தச் சந்தேகம் இன்னும் கூடுதல். "நாடகம் நன்றாக இருந்தால் ஏன் ஐயா பாதி விலைக்குக் கொடுக்கிறான்?" என்று விஷயம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுபோலத் தோன்றினாலும், அதில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. நாடகத்தையும் புடவையையும் ஒரே தராசில் வைத்துவிடுகிற கணக்கு அது. விற்காத புடவை மறுபடி அலமாரிக்குப் போகும். தீபாவளிக்கு வெளியே வரும். விற்காத நாற்காலி அப்படியல்ல. எட்டு மணிக்குத் திரை தூக்கியதும் அன்றைய நாற்காலி செத்துப்போகிறது. நாளைக்கு அதே இடத்தில் இருப்பது வேறு நாற்காலி. சாயங்காலச் சந்தையில் கீரை விற்கிறவளுக்கு இந்தத் தத்துவம் நன்றாகத் தெரியும். காலையில் சொன்ன விலையை அவள் மாலையில் சொல்லமாட்டாள். அதனால் அவளுடைய கீரை மட்டம் என்று யாரும் சொல்வதில்லை.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இது கொஞ்சம் மனசில் தைக்கிற சங்கதி. என் நாவல் இந்த வருஷம் விற்காவிட்டால் அடுத்த வருஷம் விற்கலாம். விற்கவே இல்லையென்றாலும் திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகங்களுக்கு நடுவே அது உயிரோடு கிடக்கும். என்றைக்காவது ஒருவர் புரட்டிப் பார்ப்பார். புத்தகம் வாசகருக்காகக் காத்திருக்கும். நாடகத்தால் காத்திருக்க முடியாது. அதைப் பார்க்கவேண்டியவர் அன்றைக்கே, அந்த ஊரிலேயே இருந்தாகவேண்டும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு நடத்தப்படுகிற ஒரு டிக்கெட் கடையை நியூயார்க்கில் பார்த்தேன். அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

நியூயார்க்கின் நாடகப் பேட்டைக்குப் பிராட்வே என்று பெயர். நம் சென்னையிலும் ஒரு பிராட்வே உண்டு. அங்கே கடைகள் ஏராளம், நாடகம்தான் இல்லை. அமெரிக்கப் பிராட்வேயில் நாடகசாலைகள் 41. ஒரு நாடகத்துக்கு வாரம் எட்டு ஆட்டம் என்பது அங்கே வழக்கம். இத்தனை நாற்காலிகளையும் தினம் நிரப்புவது சாமானியக் காரியம் அல்ல. 1970-ஆம் வருஷத்தை ஒட்டி அங்கே கூட்டம் மிகவும் குறைந்துபோயிற்று. டைம்ஸ் சதுக்கமும் இருட்டிய பிறகு குடும்பத்தோடு போகத் தயங்குகிற இடமாக இருந்தது. அந்தச் சமயத்தில், 1968-இல் தொடங்கிய தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம் ஒரு யோசனை செய்தது. 1973 ஜூன் 25-ஆம் தேதி, பிராட்வேயும் 47-ஆவது தெருவும் சந்திக்கிற டஃபி சதுக்கத்தில், இரும்புக் குழாய்களை நட்டுக் கித்தான் கட்டி ஒரு கடை போட்டார்கள். அன்று விற்காத டிக்கெட்டுகள் அன்றைக்கே பாதி விலைக்குக் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். கடையின் பெயர் டி.கே.டி.எஸ். டிக்கெட்ஸ் என்ற ஆங்கில வார்த்தையில் சில எழுத்துக்களை உதறிவிட்டு வைத்த பெயர். எழுத்திலேயே தள்ளுபடி ஆரம்பித்துவிட்டது!

தாற்காலிகமாகப் போட்ட கடை நிலைத்துவிட்டது. 2008 அக்டோபரில் அதே இடத்தில் புதிய கட்டிடம் எழும்பிற்று. அதன் கூரையே சிவப்புக் கண்ணாடியால் ஆன 27 படிகள். டிக்கெட் வாங்காதவர்களும் படிகளில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கிறார்கள். கடையின் நடைமுறை சுலபமானது. எந்த நாற்காலிகளைத் தள்ளுபடிக்கு அனுப்புவது என்பதை நாடகத் தயாரிப்பாளர்களே முடிவு செய்கிறார்கள். நாடகங்களின் பெயர்களும் தள்ளுபடி விகிதமும் பலகையில் ஓடுகின்றன. இப்போது எல்லாமே பாதி விலை என்பதில்லை. 20 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை குறைக்கிறார்கள். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சில டாலர் சேவைக் கட்டணம் உண்டு. அது அந்த ஸ்தாபனத்தின் நாடகப் பணிகளுக்குப் போகிறது. லண்டனிலும் 1980-இல் லெஸ்டர் சதுக்கத்தில் இதே மாதிரி ஒரு கடை வந்தது.

நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் வெளியூர்த் தம்பதி ஒருவர் நின்றார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு யோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஓர் இளைஞர், "உங்களுக்கு எந்த மாதிரி நாடகம் பிடிக்கும்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"அது இருக்கட்டும். ஐம்பது சதவீதம் எதில் கொடுக்கிறார்கள்?" என்றாள் அந்த அம்மாள்.

இந்தக் கடையைப் பற்றிய என் முதல் ஆட்சேபத்துக்குக் காரணம் அந்த அம்மாள்தான். அவளைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பலகையின் முன்னால் நின்றால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். பலகை நாடகத்தின் பெயரையும் ஓர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது. எண்ணைப் பார்த்த கண் பெயரைப் பார்ப்பதில்லை. சிலர் தள்ளுபடி அதிகமானால் லாபம் என்கிறார்கள். சிலர் தள்ளுபடி அதிகமானால் நாடகம் மட்டம் என்கிறார்கள். இருவரும் பலகையை விமர்சகராக ஏற்றுக்கொண்டவர்கள். விமர்சகர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்கிறவரைப் பார்த்ததில்லை.

உண்மையில் அந்தப் பலகை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்று மாலை இன்ன கொட்டகையில் நாற்காலி மிச்சம். அது மிச்சமானதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். மழை பெய்திருக்கலாம். செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம். நடிகர்களில் சினிமா முகம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். முக்கியமாக, அது பாட்டும் ஆட்டமும் இல்லாத வெறும் பேச்சு நாடகமாக இருக்கலாம். ஒருமுறைதான் அந்த ஊருக்கு வருகிற யாத்திரிகன், பெயர் தெரிந்த சங்கீத நாடகத்தைத்தான் தேடுகிறான். கூட்டம் அங்கே போகிறது. பேச்சு நாடகங்களுக்கு என்று அந்தக் கடையில் தனி ஜன்னல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே வரிசை சின்னது. இது யாத்திரிகனுக்குச் சௌகரியம்; நாடகக் கலைக்கு அது அவ்வளவு நல்ல சகுனமா என்று சொல்லத் தெரியவில்லை.

நான் அந்தச் சின்ன வரிசைக்கு மாறிக்கொண்டேன். நான் பார்த்த நாடகத்தில் நாலே பாத்திரங்கள். ஒரு வீட்டை விற்பதா, வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள், அவ்வளவுதான் கதை. எனக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில் நல்ல இடம். இதில் ஆச்சரியம் இல்லை. விலை அதிகமான நாற்காலிகளும் விற்காமல் நின்றுவிடுவது உண்டு. அவையும் இந்தக் கடைக்கு வந்து சேருகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நான் என்ன விலை கொடுத்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் கொடுத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. முகம் சுருங்கிவிட்டது. இடைவேளையில் அவராகவே, "பரவாயில்லை. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை" என்றார்.

அந்தப் பெரியவர் சொன்னது இந்தக் கடைக்கு எந்தப் பொருளாதார நிபுணரும் தரமுடியாத நற்சாட்சி. பாதி காலியான கொட்டகையில் சிரிப்பு பரவுவதில்லை; அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டு அடங்கிவிடும். மேடையில் இருப்பவர்கள் அதை உடனே உணர்ந்துவிடுவார்கள். அடுத்த வசனத்தில் குரல் தாழும். நாவலை ஒருவர் படித்தாலும் ஆயிரம் பேர் படித்தாலும் அதே நாவல்தான். நாடகத்தில் சபையும் ஒரு பாத்திரம். பாதி விலை கொடுத்து வந்தவன் அந்தப் பாத்திரத்தை முழுசாகவே நடித்துக் கொடுக்கிறான்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பாதி விலை என்பதற்கு அர்த்தம் இருக்கவேண்டுமானால் முழு விலை நேர்மையாக இருக்கவேண்டும். நாடகத்தின் செலவு ஏறிக்கொண்டேதான் போகும். இதற்குக் காரணத்தை வில்லியம் பௌமால், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார ஆசிரியர்கள் 1966-இல் எழுதிய புத்தகத்தில் விளக்கினார்கள். தொழிற்சாலையில் முன்பு பத்துப் பேர் செய்ததை இன்று இயந்திரத்தின் உதவியால் ஒருவர் செய்துவிடுகிறார். ஆனால் நாலு வாத்தியங்களுக்கு எழுதிய சங்கீதத்தை இன்றைக்கும் நாலு பேர்தான் வாசிக்கவேண்டும். பிடிக்கிற நேரமும் அதேதான். மற்றத் தொழில்களில் கூலி உயரும்போது இவர்களுக்கும் உயர்த்தித்தானே ஆகவேண்டும்? இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2001-இல் 'தி புரொட்யூஸர்ஸ்' என்ற சங்கீத நாடகத்துக்குச் சில நாற்காலிகளை 480 டாலருக்கு விற்றபோது கதை வேறாகிவிட்டது. அது செலவைப் பார்த்து வைத்த விலை அல்ல. வாங்குகிறவருடைய பணப்பையைப் பார்த்து வைத்த விலை. மேலே அப்படி ஏற்றிக்கொண்டே போய், கீழே தள்ளுபடி என்றால், நடுவில் நியாயமான விலை கொடுத்து நாடகம் பார்த்துவந்த பள்ளி ஆசிரியரும் குமாஸ்தாவும் எங்கே போவார்கள்? அவர்கள் வரிசைக்குத்தான் வரவேண்டும். ஆனால் பிற்பகலில் வரிசையில் நிற்க ஓய்வு இருப்பது யாருக்கு? என்னைப் போல ஊர் பார்க்க வந்தவனுக்கு. ஆபீசில் உட்கார்ந்திருக்கிற உள்ளூர்க்காரருக்கு அல்ல.

வேறு வழிகளும் அதே ஊரில் உண்டு. ஜோசப் பாப் என்பவர் முயற்சியால் 1962-இல் சென்ட்ரல் பார்க்கில் திறக்கப்பட்ட டெலகார்ட் அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாகவே காட்டினார்கள். டிக்கெட்டுகளை அன்றன்று வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுப்பது அங்கே ஒரு சம்பிரதாயம் ஆகிவிட்டது. 1996-இல் 'ரென்ட்' என்ற நாடகம் பிராட்வேக்கு வந்தபோது முதல் இரண்டு வரிசைகளையே 20 டாலருக்கு ஒதுக்கினார்கள். அதற்காக வாலிபர்கள் நடைபாதையில் இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். பிறகு குலுக்கல் முறை வந்தது. 2015-இல் 'ஹாமில்டன்' நாடகத்துக்குக் குலுக்கலில் 10 டாலர். பத்து டாலர் நோட்டில் இருப்பது அந்தக் கதாநாயகனின் முகம்தான், நல்ல வேடிக்கை.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இருபது டாலர் ஏற்பாடு. மிச்சம் விழுந்ததை ஏழைக்குக் கொடுப்பது ஒன்று. முன்வரிசையை அவனுக்கென்று எடுத்து வைப்பது வேறு. முன்னதில் இரக்கம் இருக்கிறது; பின்னதில் மரியாதை இருக்கிறது. குலுக்கல் எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. அது அதிர்ஷ்டசாலியைத் தேர்ந்தெடுக்கிறதே தவிர ரசிகரைத் தேர்ந்தெடுப்பதில்லை. டஃபி சதுக்கத்துக் கடை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வரிசையில் நிற்கிறவன் தன் நேரத்தைக் கொடுக்கிறான். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று யோசிக்க அந்தப் பலகை அவனுக்கு இடம் வைப்பதில்லை.

ஆகவே அந்த ஊருக்குப் போகிற வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சதவீதத்தைப் பார்க்காதீர்கள். இருபது வருஷமாக ஓடுகிற நாடகம் அடுத்த முறை போகும்போதும் அநேகமாக இருக்கும். அடுத்த மாதம் இருக்காது என்று தோன்றுகிற நாடகத்துக்குப் போங்கள். பெயர் தெரியாத ஆசிரியர், தெரியாத நடிகர்கள் என்றால் இன்னும் சிலாக்கியம். சுருக்கம், விமர்சனம், நட்சத்திரக் குறிகள் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போகிற இந்தக் காலத்தில், ஒன்றும் தெரியாமல் ஒரு கதையின் முன்னால் உட்காரும் சந்தர்ப்பம் மிகவும் அருமையாகிவிட்டது. முழு விலை கொடுக்கிறவருக்கு அந்தத் துணிச்சல் வராது; போட்ட பணத்துக்கு உத்தரவாதம் தேடத்தான் அவருக்குத் தோன்றும். பாதி விலையின் உண்மையான லாபம், தெரியாத ஒன்றை நம்பிப் பார்க்கிற தைரியம். டாலரில் மிச்சம் பிடித்ததை எண்ணிக்கொண்டு, தெரிந்த பாட்டையே மறுபடி கேட்டுவிட்டு வந்தால் அந்த லாபத்தைக் கைநழுவ விட்டவர்கள் ஆவோம்.

நாடகம் பிடிக்காமலும் போகலாம். போகட்டும். அன்று அந்தக் கொட்டகையில் ஒரு நாற்காலி காலியாக இல்லாமல் பார்த்துக்கொண்டோம் அல்லவா? எங்கோ ஓர் எழுத்தாளன் ராத்திரி கண் விழித்து எழுதிய வசனத்துக்கு, அன்று மாலை கேட்பதற்கு இன்னும் ஓர் ஆள் கூடுதலாக இருந்தான். அந்த மாலை இனிமேல் எந்த விலைக்கும் கிடைக்காது.